மேலே வராத கிளட்ச் பெடல்: ஹைட்ராலிக் கிளட்சைப் படிப்படியாகச் சரிசெய்வது எப்படி?

கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது என்று வண்டியைக் கொண்டுபோனால், பெரும்பாலும் முதலில் நடப்பது ஏர் எடுக்கும் வேலைதான், அதாவது கிளட்ச் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பெடல் அன்றைக்கு எழுந்துவிடும். பத்து நாளில் மறுபடி படுத்துக்கொள்ளும். மூடிய குழாய்க்குள் காற்று தானாகப் பிறப்பதில்லை. எங்கோ ஒரு வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் ஏர் மட்டும் எடுப்பது, பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்றடிப்பதைப் போன்றது. அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பேனரை எடுப்பதற்கு முந்தைய சோதனைகளுக்கே அதிக இடம்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் கிளட்ச்தானா என்று உறுதிசெய்யுங்கள். மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் இருப்பது கேபிள். இங்கே சொல்லும் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. ஹைட்ராலிக்கில் கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில் வேலை செய்யும்: பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டர் குழாய் வழியாக ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். இதிலும் இரண்டு வகை உண்டு. இன்னோவா போன்ற வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கையால் தொட்டுப் பார்க்கலாம், வீட்டு வாசலிலேயே மாற்றலாம். ஈகோஸ்போர்ட், டஸ்டர் போன்றவற்றில் ஸ்லேவ், ரிலீஸ் பேரிங்கோடு (கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) சேர்ந்து கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கீழே வரும் படிகள் முதல் வகையை வைத்து எழுதப்பட்டவை. இரண்டாம் வகைக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

உதிரிபாகக் கடையில் மாஸ்டர் சிலிண்டரை "கிளட்ச் அப்பர்" என்றும், ஸ்லேவை "கிளட்ச் லோயர்" என்றும் கேட்டால் சட்டென்று புரியும்.

பெடலை மேலே தள்ளுவது எது?

பலரும் பெடலில் உள்ள ஸ்பிரிங்தான் அதைத் தூக்குகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு வேலை செய்வது கியர்பாக்ஸ் பக்கம், பிரஷர் பிளேட்டில் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) உள்ள டயாஃபிரம் ஸ்பிரிங். அது ரிலீஸ் பேரிங்கைப் பின்னால் தள்ள, பேரிங் ஃபோர்க்கை (கவை வடிவ நெம்புகோல்) தள்ள, ஃபோர்க் ஸ்லேவ் பிஸ்டனைத் தள்ள, ஆயில் குழாய் வழியாகத் திரும்பி மாஸ்டர் பிஸ்டனைத் தள்ள, கடைசியாகப் பெடல் எழுகிறது.

பெடலில் உள்ள ஸ்பிரிங் பல வண்டிகளில் இரட்டை வேடம் போடும். பாதி தூரம் வரை பெடலை மேலே இழுக்கும். பாதியைத் தாண்டினால் கீழ்ப்பக்கம் இழுத்து உங்கள் காலுக்கு உதவும். டிராஃபிக்கில் கால் வலிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஆயிலில் அழுத்தம் இல்லாமல் போனால், மேலே தள்ள ஆளில்லாமல் அதே ஸ்பிரிங் பெடலைத் தரையில் பிடித்து வைத்துக்கொள்ளும். "பெடல் ஸ்பிரிங் போச்சு" என்று சொல்லி ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் தீராத கேஸ்கள் பலவும் இந்த ரகம்.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ. (5/8 அங்குலம்), ஸ்லேவின் உள்விட்டம் 20.64 மி.மீ. (13/16 அங்குலம்) என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் அது தள்ளும் ஆயில் சுமார் 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன். அதில் ஸ்லேவ் பிஸ்டன் நகர்வது 15 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இந்த 5 மி.லி.யில் 1 மி.லி. காற்றை அமுக்குவதிலோ கசிவிலோ வீணானால், ஸ்லேவில் 3 மி.மீ. நகர்வு போய்விடும். கியர் கரகரக்க அது போதும். இவ்வளவு சின்ன அளவில் வேலை செய்யும் அமைப்பு என்பதால்தான் ஒரு சொட்டுக் கசிவையும் அலட்சியம் செய்யக் கூடாது.

ஸ்பேனருக்கு முன்: எங்கே சிக்குகிறது?

கேட்கவே சிரிப்பாக இருக்கும், ஆனால் முதலில் மிதியடியை எடுத்து வெளியே போடுங்கள். ரெண்டு மேட் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட வண்டிகளில் பெடல் அதன் ஓரத்தில் மாட்டிக்கொள்வது சாதாரணம்.

அடுத்து டார்ச் அடித்து, பெடலிலிருந்து இன்ஜின் பக்கச் சுவருக்குள் போகும் புஷ்ராடைப் பாருங்கள். அது நுழையும் இடத்தில் ரப்பர் பூட்டை (தூசி புகாமல் மூடும் உறை) சுற்றி ஈரமா? கீழே கார்பெட் பிசுபிசுக்கிறதா? அப்படியென்றால் மாஸ்டரின் பின் சீல் போய்விட்டது. மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. ஈரம் இல்லையென்றால், புஷ்ராடைப் பெடலோடு இணைக்கும் கிளெவிஸ் பின்னைக் கழற்றிவிட்டு, பெடலை மட்டும் கையால் ஆட்டிப் பாருங்கள். தனியாகவே இறுக்கமாக, கீச்சென்று நகர்ந்தால் சிக்கல் பெடலின் அச்சு புஷ்ஷில். பின்னும் அது போகும் ஓட்டையும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் பின்னை மாற்றுங்கள். பெடல் லேசாக ஆடினால் சிக்கல் ஆயில் பக்கமோ கியர்பாக்ஸ் பக்கமோ இருக்கிறது. பின்னைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த சோதனைக்குப் போங்கள்.

இன்ஜின் ஓடாமல், சாவி வெளியே இருக்க, ஒருவர் பெடலை மிதித்துவிட்டுக் காலை எடுக்கட்டும். நீங்கள் கீழே ஸ்லேவ் ராடை, அதாவது ஸ்லேவிலிருந்து ஃபோர்க்கைத் தள்ளும் கம்பியைப் பாருங்கள். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது; ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள்.

பெடல் கீழேயே கிடக்கிறது, ஆனால் ஸ்லேவ் ராடு உள்ளே திரும்பிவிட்டது என்றால், ஆயிலில் காற்று இருக்கிறது அல்லது மாஸ்டரின் உள் வாஷர் (பிஸ்டனில் உள்ள ரப்பர் சீல்) ஆயிலைப் பின்னால் கசியவிடுகிறது. பெடலும் கீழே, ராடும் வெளியே நீட்டியபடி நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று அதைத் திரும்பவிடாமல் பிடிக்கிறது. அந்த நிலையிலேயே, பெடலில் யாரும் கால் வைக்காமல், ஸ்லேவின் ப்ளீடர் நிப்பிளை (ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

ராடு உடனே உள்ளே ஓடினால் ஸ்லேவும் ஃபோர்க்கும் நல்லவை. அடைப்பு மேலே இருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து, இந்த முறை மாஸ்டரில் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அப்போதும் ராடு திரும்பாவிட்டால் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் புதிதுபோல இருக்கும். உள்ளே ஒரு வழி வால்வுபோல வேலை செய்யும். திரும்பினால் மாஸ்டரில்தான் கோளாறு: புஷ்ராடில் இடைவெளி இல்லாமல் பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை, அல்லது ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை அடைந்திருக்கிறது. நிப்பிளைத் தளர்த்தியும் ராடு அசையவில்லை என்றால் ஸ்லேவ் பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம், அல்லது ஃபோர்க்கும் பேரிங்கும் சிக்கியிருக்கலாம். ஸ்லேவின் ரெண்டு போல்ட்டையும் கழற்றி ஃபோர்க்கைக் கையால் தள்ளிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் மாஸ்டரின் உள் வாஷர் போயிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சோதனை. முன்னால் ஆளில்லாத சமதளத்தில், கால் பிரேக்கை அழுத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து முதல் கியரில் போடுங்கள். காலை அசைக்காமல் ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மிதித்தபடியே இருக்கும்போது வண்டி மெல்ல முன்னேற முயன்றால், ஆயில் வாஷரைத் தாண்டிப் பின்னால் போகிறது என்று அர்த்தம்.

ஸ்லேவின் ரப்பர் பூட்டை விரலால் விலக்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வண்டிகளில் கூட்டின் அடியில் சொட்டு தென்படும். அது பிரேக் ஆயிலா, இன்ஜின் ஆயிலா என்று சந்தேகம் வந்தால், ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும். இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் மிதக்கும்.

வாங்கிவைக்க வேண்டியவை

வண்டியின் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் ரகப் பிரேக் ஆயில் 500 மி.லி., சீல் உடைக்காதது. டாட் 3 என்று எழுதியிருந்தால் டாட் 4 ஊற்றலாம். இரண்டும் ஒரே குடும்பம். எண் பெரிதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4-இன் குடும்பம்தான். பாதி தீர்ந்து ஆறு மாதமாக அலமாரியில் இருக்கும் பாட்டில் வேண்டாம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-இன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகான அளவுகோல் 155 டிகிரிதான்.

மீன்தொட்டிக்குப் போடும் ஒளிபுகும் மெல்லிய டியூப் ஒரு மீட்டர், 50 அல்லது 60 மி.லி. சிரிஞ்ச், நிப்பிளுக்கு 8 அல்லது 10 மி.மீ. ரிங் ஸ்பேனர், குழாய் நட்டுக்கு 10 மி.மீ. ஃப்ளேர் நட் ஸ்பேனர், 12 மி.மீ. சாக்கெட், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. சாதாரண ஓப்பன் ஸ்பேனரால் குழாய் நட்டைத் திருகினால் அதன் முனைகள் மழுங்கி, ஒரு மணி நேர வேலை ஒரு நாளாகிவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும். பிரேக் ஆயில் பெயின்டில் பட்டால் அதை உரித்துவிடும், துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பெடல் அச்சு மட்டும் இறுகியிருந்தால்

பழைய கிரீஸையும் தூசியையும் துணியால் துடைத்துவிட்டு, அச்சு புஷ்ஷிலும் ஸ்பிரிங் உட்காரும் இடத்திலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் சிறிதளவு வையுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை அங்கே அடித்துவிட்டுப் போவது ரெண்டு வாரத்துக்குத்தான் தாங்கும். அது மாஸ்டரின் ரப்பர் பூட்டில் பட்டால் ரப்பரும் கெடும். பிளாஸ்டிக் புஷ் உடைந்திருந்தால் புதிது போடுவதே வழி.

ஸ்லேவ் மாற்றுவது

டப்பாவிலிருந்து ஆயிலைச் சிரிஞ்சால் பாதி உறிஞ்சுங்கள். ஹோஸ் அல்லது குழாய் நட்டை முதலில் லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஸ்லேவின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஸ்லேவ் கையில் தொங்கும்போது அதை இறுக்கிப் பிடித்து நட்டைத் தளர்த்துவது சிரமம். புதியதில் குழாய் நட்டை விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர் தொட வேண்டும். அலுமினிய உடம்பில் மரை ஒருமுறை குறுக்கே ஏறினால் புதிய ஸ்லேவ் வீண். ஹோஸ் முனையில் செம்பு வாஷர் இருந்தால் புதிது போடுங்கள். ராடின் நுனி ஃபோர்க் குழியில் உட்காரும் இடத்தில் மட்டும் கடுகளவு கிரீஸ். குழாய் நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர் அளவு போதும், நிப்பிளுக்கு அதைவிடக் குறைவு. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஸ்லேவ் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். ஓட்டுநர் சீட்டில் ஒரு துணியைப் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

மாஸ்டர்: கிட்டா, முழுதாகவா?

வாஷர் கிட் மட்டும் போட்டால் செலவு குறைவுதான். ஆனால் சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் மட்டுமே அது நிற்கும். சுண்டு விரல் நகத்தில் கோடு தட்டினாலோ, துருப் புள்ளி தெரிந்தாலோ புதிய வாஷர் சில மாதத்தில் கிழியும். அலுமினிய சிலிண்டரை எமரி தாள் போட்டுத் தேய்த்து மழமழப்பாக்குவது அதன் மேற்பூச்சை எடுத்துவிடும். எட்டு, பத்து வருடம் ஓடிய வண்டியென்றால் முழு அப்பரையே மாற்றுவது நல்லது. இருண்ட மூலையில் தலைகீழாகப் படுத்து ஒரே வேலையை ரெண்டு முறை செய்ய யாரும் விரும்ப மாட்டார்கள்.

கிட் போடுவதென்றால் ஒன்று முக்கியம். உதிரிகளைப் பெட்ரோலிலோ டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். இந்த வாஷர்களின் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பும்; உப்பிய வாஷர்தான் மறு வாரம் பெடலைப் பாதியில் பிடித்து நிறுத்தும். பட்டறைகளில் இது இன்னும் ஓயாத பழக்கம். புதிய பிரேக் ஆயிலிலேயே கழுவி, அதையே தடவி மாட்டுங்கள். பழையதைக் கழற்றும்போதே வாஷர்களின் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்துவிடுங்கள். அழுத்தம் உருவாகும் பக்கம் உதடு இருக்க வேண்டும்.

கழற்றும் வரிசை: டப்பாவைக் காலி செய்து, அடியில் துணி விரித்து, குழாய் நட்டைக் கழற்றுங்கள். உள்ளே போய் கிளெவிஸ் பின்னையும், சுவரில் உள்ள ரெண்டு நட்டையும் எடுத்தால் சிலிண்டர் இன்ஜின் பக்கம் வெளியே வரும். புதியதை மாட்டுமுன் அதன் புஷ்ராடைப் பழையதோடு வைத்து ஒரே நீளமா என்று அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று, அதை வெளியே வைத்தே ஆயில் ஊற்றி, வாயை விரலால் அடைத்து அடைத்துப் புஷ்ராடை மெல்ல ஐந்தாறு முறை தள்ளி, குமிழி நின்ற பிறகு மாட்டினால் பின்னால் ஏர் எடுக்கும் வேலை பாதியாகும்.

மாட்டியதும் ஃப்ரீ பிளே, அதாவது வேலை தொடங்குமுன் பெடல் சும்மா நகரும் தூரம், எவ்வளவு என்று பாருங்கள். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் பெடல் நுனியில் மொத்த ஃப்ரீ பிளே 5 முதல் 15 மி.மீ., அதில் புஷ்ராடின் பங்கு 1 முதல் 5 மி.மீ. ஒரு ஸ்கேலைத் தரையில் நிறுத்தி, பெடலை விரலால் மட்டும் அழுத்தி அளக்கலாம். லாக் நட்டைத் தளர்த்தி ராடைச் சுழற்றினால் மாறும். இடைவெளியே இல்லாமல் வைத்தால், பிஸ்டன் அந்தத் திரும்புதுளையைப் பாதி மூடியபடி நிற்கும். ஆயில் சூடேறி விரியும்போது போக இடமின்றிக் கிளட்சைத் தானே அழுத்தும். பிளேட் வழுக்கித் தேயும்.

ஏர் எடுப்பது

கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா உள்ள வண்டிகளில் கிளட்ச் ஹோஸ் டப்பாவின் பக்கவாட்டில் சற்று உயரத்தில் சேரும். கிளட்ச் கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படி. அதனால் அளவு கொஞ்சம் இறங்கினாலே கிளட்ச் காற்றைக் குடிக்கத் தொடங்கும். வேலை முடியும்வரை அளவை மேல் கோட்டருகே வைத்திருங்கள்.

1. நிப்பிளைச் சுற்றிய மண்ணைத் துடைத்து, ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன்மேல் டியூபைச் செருகுங்கள். மறுமுனை, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கட்டும்.

2. டப்பா மூடியைத் திறந்து, நிப்பிளைத் தளர்த்தி, ஐந்து பத்து நிமிடம் ஆயில் தானாக வடியட்டும். பெரிய குமிழிகள் பலவும் இதிலேயே போய்விடும்.

3. நிப்பிளை மூடி, உதவியாளர் பெடலை மெதுவாகத் தரைவரை மிதித்துப் பிடிக்கட்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடுங்கள். மூடிய பிறகே பெடலைத் தூக்க வேண்டும். தானாக எழாவிட்டால் கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள்.

4. குமிழி நிற்கும்வரை 15, 20 முறை. ஐந்து முறைக்கு ஒருதரம் டப்பாவைப் பாருங்கள். பழைய கறுத்த ஆயில் போய்த் தெளிந்தது வரும்வரை நிறுத்த வேண்டாம். கிட்டத்தட்ட 200, 300 மி.லி. போகும்.

படபடவென்று பம்ப் செய்தால் பெரிய குமிழி நுரையாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். பிறகு ஒரு மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கும் மசியாவிட்டால் கீழிருந்து மேலே ஏற்றுங்கள். காற்று மேலே போகத்தான் விரும்பும். டப்பாவில் ஆயிலைக் குறைத்து, சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, டியூபிலும் குமிழி இல்லாமல் செய்து, நிப்பிள் வழியாக மெல்ல ஏற்றுங்கள். டப்பா வழிகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். வெளி ஸ்லேவ் என்றால் இன்னொரு உபாயமும் உண்டு: போல்ட்டைக் கழற்றி, குழாய் மாட்டியபடியே, குழாய் சேரும் வாய் மேலே இருக்குமாறு ஸ்லேவைப் பிடித்துக்கொண்டு ராடைக் கையால் மெதுவாக உள்ளே அமுக்கினால் சிக்கிய காற்று டப்பாவில் குமிழியாக வெளிவரும்.

ஃபோர்க், பேரிங் பக்கம் என்றால்

ஸ்லேவ் கழன்ற நிலையிலும் ஃபோர்க் கரகரத்து நகர்ந்தால், ஃபோர்க் உட்காரும் குண்டுமுனை காய்ந்திருக்கலாம், அல்லது பேரிங் சறுக்கும் குழாயில் பள்ளம் விழுந்திருக்கலாம். இதற்குக் கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். லிஃப்ட் உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. இறக்கியபின் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். உள் ஸ்லேவ் வண்டியென்றால் அதையும். கிரீஸ் அதிகம் வைத்தால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் ஒட்டும், அப்புறம் கிளட்ச் அதிரும். மெல்லிய படலம் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடித்தபின்

இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, மூன்று நான்கு விநாடி கழித்து ரிவர்ஸில் போடுங்கள். கரகர சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் முழுதாக விடுபடுகிறது. மறுநாள் காலை, வண்டியை எடுக்குமுன் முதல் மிதியைக் கவனியுங்கள். முதல் மிதி தொளதொள, இரண்டாவது சரியென்றால் இரவில் எங்கோ காற்று உள்ளே போயிருக்கிறது. மறுபடி ஏர் எடுக்காமல் நட்டுகளையும் பூட்டுகளையும் பாருங்கள்.

டப்பா வெளியே ஆயில் மட்டத்தில் மார்க்கர் கோடு ஒன்று போட்டுவையுங்கள். கிளட்சுக்குத் தனி டப்பா உள்ள வண்டியில் பிளேட் தேயத் தேய டயாஃபிரம் விரல்கள் ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளும், அதனால் மட்டம் மெல்ல உயரத்தான் வேண்டும். ஒரு வாரத்தில் கோட்டுக்குக் கீழே போயிருந்தால், நிரப்பிவிட்டு மறந்துவிட வேண்டாம். டார்ச்சை எடுத்துக்கொண்டு மீண்டும் அந்த ரெண்டு பூட்டுகளிடமே போங்கள்.